மஞ்சள் காட்டாத காமாலை

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் திருவேட்டக்குடியின் வயல் வரப்புகளிலும் தென்னந்தோப்பு மணலிலும் கீழாநெல்லி தானாக முளைக்கும். முழங்காலுக்கும் எட்டாத செடி. ஈர்க்கின் அடிப்புறத்தில் மிளகைவிடச் சிறிய காய்கள் வரிசையாகத் தொங்கும். காரைக்காலிலிருந்து தரங்கம்பாடிக்குப் போகிற கடலோரப் பாதையில் இருக்கிறது ஊர். சம்பந்தர் பாடிய சிவன் கோயில், மீனவர் தெருக்கள், தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம் மூன்றுக்கும் இதே முகவரிதான். இந்தக் கரையில் யாருக்காவது கண் மஞ்சளித்தால் ஆஸ்பத்திரிக்கு முன்னால் செடியின் நினைவு வரும். வேரோடு பிடுங்கிக் கழுவி, அரைத்து, மோரிலோ ஆட்டுப்பாலிலோ கலக்கி வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். எண்ணெய் கூடாது, உப்பில்லாப் பத்தியம். சில வாரங்களில் கண் தெளிந்துவிடும். செடியின் புகழ் இன்னொரு வீட்டுக்குப் பரவும்.

குடித்தவர் தேறினார் என்பது உண்மை. குடிக்காமல் இருந்திருந்தாலும் அநேகமாகத் தேறியிருப்பார் என்பதும் உண்மை. நம் ஊர்களில் காமாலைக்குப் பெருங்காரணமான ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள் அசுத்தமான தண்ணீர் வழியாக வந்து, பெரும்பாலோரிடம் தாமாகவே அடங்குபவை. இரத்தத்தாலும் உடல் திரவங்களாலும் பரவும் ஹெபடைடிஸ் பி-கூட, ஆரோக்கியமான வளர்ந்த ஆளைத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் ஆறு மாதத்துக்குள் அதை வென்றுவிடுகிறார்கள். அந்த நேரத்தில் கண்ணிலும் சிறுநீரிலும் ஏறுகிற மஞ்சள், உடல் வைரஸோடு நேருக்கு நேர் மோதுகிறது என்பதன் அடையாளம்.

மோதல் நடக்காத உடலைப் பற்றியது இந்த அத்தியாயம். கண் மஞ்சளிக்காத, காய்ச்சலடிக்காத, யாரும் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்காத குழந்தையின் உடல் அது.

செடியோடு இன்னும் சற்று நேரம் இருப்போம். ஏனென்றால் உலக மருத்துவம் ஒருகாலத்தில் இதே செடியைத் தேடிச் சென்னைக்கு வந்தது. 1988 அக்டோபரில் 'லான்செட்' இதழில் சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பின்னாளில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தரானவர் தியாகராஜன். கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் கடைசிப் பெயர் பரூக் பிளம்பர்க். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறியக் காரணமாக இருந்து, 1976-இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்கர்.

பிளம்பர்க் வைரஸைத் தேடிப் போனவரல்ல. மனிதர்களின் இரத்தப் புரதங்கள் இனத்துக்கு இனம் எப்படி வேறுபடுகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொண்ட நியூயார்க் ஹீமோஃபிலியா நோயாளி ஒருவரின் இரத்தத்திலிருந்த எதிர்ப்புப் பொருள், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தோடு சேர்ந்தபோது ஒரு கோடு போலப் படிந்தது. 1965-இல் அதற்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயரிட்டார்கள். அது வைரஸின் மேலுறைப் புரதம் என்று புரிய மேலும் சில ஆண்டுகள் ஆயின. இன்று காரைக்கால் ஆய்வகச் சீட்டில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்று அச்சாவது அதே பொருள்தான். அது இரத்தத்தில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் அந்த ஆள் நாட்பட்ட தொற்றுடையவர். பேச்சு வழக்கில் 'கேரியர்'.

சென்னை ஆய்வு எடுத்துக்கொண்டது அப்படிப்பட்ட கேரியர்களை. பொடித்த கீழாநெல்லியை ஒரு குழுவுக்கும் போலி மருந்தை இன்னொரு குழுவுக்கும் முப்பது நாள் கொடுத்தார்கள். மருந்து முடிந்து பதினைந்து இருபது நாள் கழித்துப் பார்த்தபோது, செடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு அந்த ஆன்டிஜெனைக் காணோம். போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்திருந்தது. 59 சதவீதத்துக்கு எதிராக 4 சதவீதம். எந்த மருந்தும் கொடுக்காமல் விட்டால் கேரியர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர் அல்லது அதற்கும் குறைவானவர்தான் இந்த ஆன்டிஜெனை இழப்பார்கள். அந்தப் பின்னணியில் முப்பது நாளில் 59 சதவீதம் என்பது அற்புதம்.

அற்புதம் நிலைக்கவில்லை. 1990-இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் இதே 'லான்செட்'டில் தோல்வியை அறிவித்தார்கள். 1994-இல் நியூசிலாந்திலும் அதே கதை. மண் வேறு, பருவம் வேறு, செடியின் இனமே வேறு என்று பல விளக்கங்கள் வந்தன. அவற்றில் சில நியாயமானவையும்கூட. ஆனால் 2011-இல் காக்ரேன் அமைப்பு அதுவரை வந்த பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கேரியர்களுக்குக் கீழாநெல்லி பயன் தருகிறது என்று சொல்ல நம்பத்தகுந்த சான்று அகப்படவில்லை. சென்னை ஆய்வைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. நாட்டு மருந்தைப் போலி மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்து, யாரும் திரும்பச் செய்து பார்க்கும்படி வெளியிட்டார்கள். செய்து பார்த்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. அறிவியல் அப்படித்தான் நடக்கும்.

கேள்வி மட்டும் மிஞ்சியது. காமாலை கண்ட பெரியவரின் உடல் சில மாதத்தில் விரட்டிவிடுகிற வைரஸை, காமாலையே காணாத ஒருவரின் உடல் நாற்பது ஆண்டுகளாகியும் ஏன் விரட்டுவதில்லை?

இரண்டு கூட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விடை தெரியும். 1942-இல் அமெரிக்க ராணுவ வீரர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டார்கள். அந்த ஊசிமருந்தில் நிலைப்படுத்துவதற்காக மனித இரத்தநீர் கலந்திருந்தது. அதில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருந்தது அப்போது யாருக்கும் தெரியாது. சுமார் 50,000 வீரர்கள் காமாலையோடு மருத்துவமனையில் விழுந்தார்கள். அறிகுறி தெரியாமல் தொற்றியவர்களையும் சேர்த்தால் மூன்று லட்சத்துக்கு மேல் என்பது மதிப்பீடு. நாற்பது ஆண்டு கழித்து லியோனார்ட் சீஃப் குழுவினர் அந்த முன்னாள் வீரர்களில் சில நூறு பேரைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். தொற்று ஏற்பட்டதற்கான தடயம் பலரிடமும் இருந்தது. வைரஸை இன்னும் சுமந்துகொண்டிருந்தவர் ஒரே ஒருவர். 

அடுத்த கூட்டம் அலாஸ்காப் பழங்குடிகள். பிரையன் மக்மேகன் என்ற மருத்துவர் அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1985-இல் எழுதினார். ஐந்து வயதுக்குள் தொற்றியவர்களில் சுமார் 29 சதவீதம் பேர் கேரியர்கள் ஆனார்கள். வயது ஏற ஏற அந்தப் பங்கு சரிந்தது. காமாலை அறிகுறிகளோ நேர்மாறாக, வயது ஏற ஏறக் கூடின. பிறக்கும்போதே தாயிடமிருந்து வாங்கிக்கொண்ட குழந்தைகளின் நிலை இன்னும் மோசம்: தடுப்பூசி இல்லாவிட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு அது நாட்பட்ட தொற்றாகிவிடும்.

வைரஸ் ஒன்றே. தொற்றிய வயதுதான் வேறு. முப்பத்தொன்பது வயதில், 1982-இல் 'கூலி' படப்பிடிப்பு விபத்துக்குப் பிறகு ஏற்றப்பட்ட இரத்தத்தின் வழியாகத் தொற்றுக்கு ஆளாகி, பல ஆண்டு கழித்து முக்கால் கல்லீரல் போனபின் அதை அறிந்ததாக அமிதாப் பச்சன் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். வளர்ந்தவர்களில் வைரஸ் தங்கிவிடுகிற அந்தச் சிறுபான்மையில் ஒருவர் அவர். அவருக்கு நடந்தது அபூர்வம். குழந்தைகளுக்கு நடந்தால் அது வாடிக்கை.

குழந்தை உடலில் அப்படி என்ன நடக்கிறது? முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்லைக் கொல்வதில்லை. 3,200 எழுத்துகள் கொண்ட மிகச்சிறிய மரபுத்தொகுதியை வைத்துக்கொண்டு செல்லின் உட்கருவுக்குள் போய், வட்டமான டி.என்.ஏ.வாகச் சுருண்டு உட்கார்ந்துகொண்டு, செல்லின் கருவிகளைக் கொண்டே தன் பிரதிகளை எடுக்கிறது. செல் பிழைத்திருக்கும். நோயெதிர்ப்பு அணுக்கள் வந்து தொற்றிய செல்லை அழிக்கும்போதுதான் கல்லீரல் புண்படுகிறது, இரத்தத்தில் கல்லீரல் நொதியான எஸ்.ஜி.பி.டி. ஏறுகிறது, கண் மஞ்சளிக்கிறது. குழந்தையின் எதிர்ப்பு அணுக்கள் இன்னும் முதிரவில்லை. போதாததற்கு வைரஸ் 'ஈ ஆன்டிஜென்' என்ற புரதத்தை ஏராளமாக இரத்தத்தில் கொட்டி அவற்றைக் குழப்புகிறது. வாசற்படி தாண்டி வந்த திருடனை வீட்டில் பிறந்த பிள்ளையென்றே நினைத்துச் சோறு போடும் வீடாகிவிடுகிறது கல்லீரல்.

இது முழு அமைதியா என்பதில் இப்போது சந்தேகம் உண்டு. 2012-இல் பேட்ரிக் கென்னடியும் அன்டோனியோ பெர்டோலெட்டியும் சேர்ந்த குழு, இந்தக் கட்டத்திலிருக்கும் சிறுவர்களின் டி-அணுக்களை எடுத்துச் சோதித்து, அவை எண்ணியதுபோலச் செயலற்றுக் கிடக்கவில்லை என்று காட்டியது. 'சகிப்புக் கட்டம்' என்ற பழைய பெயரை ஐரோப்பியக் கல்லீரல் சங்கம் 2017-இல் கைவிட்டதற்கு இத்தகைய ஆய்வுகளும் ஒரு காரணம். வைரஸின் டி.என்.ஏ. துண்டுகள் குழந்தையின் சொந்தக் குரோமோசோம்களில் செருகிக்கொள்வதும் இந்த அமைதிக் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. பல பத்தாண்டு கழித்து வருகிற புற்றுநோய்க்கு அங்கே ஒரு வேர் இருக்கிறது.

இனி ஒரு வாழ்க்கையை முழுதாகப் பார்க்கலாம். 1985-இல் காரைக்கால் கடற்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்த பையனைக் கற்பனை செய்துகொள்வோம்.

அவனுக்கு எங்கிருந்து வந்திருக்கும்? தாயிடமிருந்து என்று உடனே சொல்லிவிட முடியாது. சீனாவிலும் தைவானிலும் தாய்வழித் தொற்றே பெரும்பங்கு. இந்தியாவில் கணக்கு மாறுகிறது. இங்கே அதிகம் புழங்குவது இந்த வைரஸின் டி, ஏ மரபணு வகைகள். அலாஸ்காவில் ஐந்து மரபணு வகைகளை ஒப்பிட்ட ஆய்வு 2007-இல் வந்தது. ஏ, பி, டி, எஃப் வகைக்காரர்களில் பாதிப் பேர் இருபது வயதுக்குள் ஈ ஆன்டிஜெனை இழந்துவிட்டார்கள். கிழக்காசியாவில் மிகுந்திருக்கும் சி வகைக்காரர்களுக்கு அது நாற்பத்தேழு வயதுக்குமேல் தள்ளிப்போனது. ஈ ஆன்டிஜென் இருக்கும் தாயின் இரத்தத்தில் வைரஸ் கொப்பளிக்கும். பிரசவத்தில் பிள்ளைக்குக் கடத்துகிற வாய்ப்பு 70 முதல் 90 சதவீதம். அதை இழந்துவிட்ட தாயிடம் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. நம் பெண்களில் கேரியரானவர்கள் பலர் பிள்ளை பெறும் வயதுக்குள் அதை இழந்துவிடுகிறார்கள். ஆகவே இங்கே பிரசவ அறைக்கு ஈடாக வீட்டுத் திண்ணையும் தெருவும் முக்கியமாகின்றன. சொறி சிரங்கிலிருந்து கசியும் நீர், காது குத்தும் ஊசி, மொட்டை போடும் கத்தி, ஒரே பல்துலக்கி, சரியாகக் கொதிக்க வைக்காத பழைய கண்ணாடி சிரிஞ்சு எல்லாமே வழிகள். உலர்ந்த இரத்தக் கறையில்கூட இந்த வைரஸ் குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும்.

பையனுக்கு இரண்டு வயதில் தொற்றுகிறது. யாருக்கும் தெரியாது. பள்ளிக்குப் போகிறான், அலையில் விளையாடுகிறான், கபடி ஆடுகிறான். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் வைரஸ் கோடிக்கணக்கில் இருக்கும், எஸ்.ஜி.பி.டி. எடுத்துப் பார்த்தால் சாதாரணமாக இருக்கும்.

பதின்ம வயதில் எதிர்ப்பு அணுக்கள் விழித்துக்கொள்கின்றன. எஸ்.ஜி.பி.டி. ஏறும், இறங்கும். கொஞ்சம் அசதி, பசியின்மை. வெயிலில் அலைந்தான் என்று அம்மா சொல்வாள். பல மாதங்களோ சில ஆண்டுகளோ நீடிக்கிற இந்தச் சண்டையின் முடிவில் ஈ ஆன்டிஜென் மறைந்து, வைரஸின் எண்ணிக்கை ஆயிரங்களுக்கும் கீழே சரிகிறது. சண்டை சீக்கிரம் முடிந்தால் கல்லீரலில் தழும்பு குறைவு. இழுத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு மோதலும் ஒரு நார்க்கோட்டை விட்டுச்செல்லும்.

அடுத்தது நீண்ட ஓய்வு. இத்தாலியில் ஃபிளாவியா பொர்த்தொலொத்தி 99 குழந்தைகளை 29 ஆண்டுகள் பின்தொடர்ந்தார். பெரும்பாலோர் இந்த ஓய்வு நிலைக்கு வந்து நன்றாகவே வாழ்ந்தார்கள். சிறுவயதிலேயே கல்லீரல் இறுகிப்போன ஒரு சிலரில் இருவருக்குப் புற்றுநோய் வந்தது. குழந்தைத் தொற்று என்றாலே மரண தண்டனை என்று பயமுறுத்துபவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை புரட்டுவது நல்லது. உலகளாவிய கணக்கிலும், குழந்தைப் பருவத்தில் தொற்றியவர்களில் நாலில் ஒருவர்தான் சிகிச்சை இல்லாத நிலையில் கல்லீரல் நோயால் அகாலமாக இறக்கிறார். மூவர் வேறு காரணங்களால் முதுமையில் இறக்கிறார்கள். அந்த நாலில் ஒருவர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தொல்லையே அதுதான்.

நம் பையனுக்கு இருபத்து நான்கு வயதாகிறது. துபாயிலோ குவைத்திலோ வேலை கிடைக்கிறது. காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் பக்கத்து இளைஞர்களுக்கு இந்தத் தொற்று முதன்முதலாகத் தெரியவரும் இடங்களில் ஒன்று 'கல்ஃப் மெடிக்கல்'. வளைகுடா விசாவுக்கான அந்தப் பரிசோதனைப் பட்டியலில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. உண்டு, அது பாசிட்டிவ் என்றால் 'அன்ஃபிட்'. மற்ற வழிகள் இரத்த தான முகாமும் கர்ப்பிணிப் பரிசோதனையும். ஏஜென்டுக்குக் கட்டிய பணம் போனதே என்ற கவலையில், ஆளுக்கு ஒரு வைத்தியரைத் தேடி ஓடுவார்கள். 'சீட்டை நெகட்டிவ் ஆக்கித் தருகிறேன்' என்பவர்களுக்கு அங்கே நல்ல வியாபாரம். அந்த நேரத்தில் அவனிடம் யாராவது சொல்ல வேண்டிய வாக்கியம் வேறு: ஆறு மாதத்துக்கொரு முறை எஸ்.ஜி.பி.டி., வருடம் ஒருமுறை வைரஸ் அளவு, வயது நாற்பதை நெருங்கினால் ஸ்கேன். அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோருக்கும் ஒரு பரிசோதனை. இதைச் சொல்ல ஆளில்லாமல் போவதுதான் இந்த நோயின் வரலாற்றில் மிகப் பெரிய வீணடிப்பு என்று தோன்றுகிறது. வேலைக்கு ஆகாதவன் என்று முத்திரை குத்த ஓர் அமைப்பு இருக்கிறது. நோயாளி என்று பதிவு செய்ய இல்லை.

சீட்டு வீட்டுக்கு வந்ததும் தனித் தட்டு, தனி டம்ளர் தொடங்கும். அதற்கு எந்த அவசியமும் கிடையாது. ஒன்றாகச் சாப்பிடுவதாலும் கட்டிப்பிடிப்பதாலும் தாய்ப்பாலாலும் இது பரவாது. சவரக் கத்தியும் பல்துலக்கியும் தனியாக இருக்க வேண்டும், மனைவிக்குத் தடுப்பூசி போட வேண்டும். அவ்வளவே.

முப்பத்தைந்து, நாற்பது வயதில் சிலருக்குக் கதை மறுபடி திரும்புகிறது. ஈ ஆன்டிஜெனை உண்டாக்கும் வரியில் ஒரே ஓர் எழுத்தை மாற்றிக்கொண்ட வைரஸ் தலைதூக்குகிறது. வில்லியம் கார்மன் குழு 1989-இல் விவரித்த மாற்றம் இது. ஈ ஆன்டிஜென் இல்லை என்று சீட்டு சொல்லும், வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும். டி வகை மிகுந்த மத்தியதரைக்கடல் நாடுகளிலும் இந்தியாவிலும் இது சாதாரணம். முன்பு 'அடங்கிவிட்டது, இனி வரவேண்டாம்' என்று சொல்லி அனுப்பப்பட்டவர் பத்தாண்டு கழித்து வயிறு வீங்கி, மகோதரத்தோடு திரும்பி வருவது இதனால்தான். கல்லீரல் சுருங்கி முண்டுமுண்டாகிப் போன சிரோசிஸ் நிலை அது.

இந்த இடத்தில் ஊரின் குணம் குறுக்கிடும். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் கலால் வரி குறைவு என்பதால் காரைக்காலில் மது மலிவு. நாகை, மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்தும் அதற்கென்றே ஆட்கள் வருவார்கள். ஒரு கேரியரின் கல்லீரலுக்கு அந்தக் கடைகளைவிடப் பெரிய எதிரி கிடையாது. சத்தமில்லாத இன்னோர் எதிரி பூஞ்சை. ஈரம் ஏறிய நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. ஷாங்காயில் 18,000-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்த ஆய்வு 1992-இல் வந்தது. வைரஸ் மட்டும் உள்ளவருக்கு ஓர் அளவு ஆபத்து, நஞ்சு மட்டும் சேர்ந்தவருக்கு ஓர் அளவு. இரண்டும் ஒருவரிடம் கூடினால், இரண்டும் இல்லாதவரைப்போலச் சுமார் 60 மடங்கு.

கல்லீரல் புற்றுநோய்க்கு இந்த வைரஸ்தான் காரணமா என்ற வாதத்தை முடித்தவர் தைவானில் பணியாற்றிய பால்மர் பீஸ்லி. 22,707 ஆண் அரசு ஊழியர்களைப் பதிவு செய்துகொண்டு காத்திருந்தார். 1981-இல் அவர் முதல் கணக்கை வெளியிட்டபோது 41 பேர் கல்லீரல் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். அதில் 40 பேர் கேரியர்கள். ஆபத்து விகிதம் 223 மடங்கு. புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவுகூட இவ்வளவு நெருக்கமானதல்ல. அதே தைவானில் 3,653 கேரியர்களைப் பின்தொடர்ந்த இன்னோர் ஆய்வு 2006-இல் வந்து, ஆபத்து வைரஸின் அளவோடு படிப்படியாக ஏறுகிறது என்று காட்டியது. வைரஸ் அளக்க முடியாத அளவுக்குக் குறைந்தவர்களில் 1.3 சதவீதத்தினருக்கும், மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் இருந்தவர்களில் 14.9 சதவீதத்தினருக்கும் புற்றுநோய் வந்தது. இந்தப் புற்றுநோய்க்கு இன்னொரு கொடுமை: குரோமோசோமில் செருகிய வைரஸ் துண்டுகளால், சிரோசிஸ் இல்லாத கல்லீரலிலும் முளைக்கும்.

தடுப்பூசியின் வரலாற்றில் காரைக்காலின் பழைய ஆட்சியாளர்களுக்கு ஒரு பங்கு உண்டு. பிரான்சின் தூர் நகரத்தில் ஃபிலிப் மொப்பா, கேரியர்களின் இரத்தத்திலிருந்தே மேலுறைப் புரதத்தைப் பிரித்தெடுத்துச் செய்த ஊசியை 1970-களின் நடுவில் மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினார்; பிறகு செனகல் நாட்டுக் குழந்தைகளிடம் கொண்டுபோனார். 1986-இல் ஈஸ்ட்டில் அந்தப் புரதத்தை வளர்க்கும் முறை வந்தபின் இரத்தம் தேவைப்படவில்லை. ஹைதராபாத்தில் வரப்பிரசாத் ரெட்டியின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-இல் அதே முறையில் இந்தியாவிலேயே தயாரித்து, இறக்குமதி ஊசியின் விலையில் ஒரு சிறு பங்குக்கு விற்றது.

தைவான் 1984 ஜூலையில் தொடங்கியது. முதலில் கேரியர் தாய்மார்களின் குழந்தைகள், இரண்டு ஆண்டில் எல்லாக் குழந்தைகளும். ஆறு முதல் பதினான்கு வயதுச் சிறுவர்களிடையே கல்லீரல் புற்றுநோய் 1981–86 காலத்தில் லட்சத்துக்கு 0.70, 1990–94-இல் 0.36. ஒரு தடுப்பூசி புற்றுநோயைக் குறைத்ததற்கு மனிதகுலத்திடம் இருந்த முதல் கணக்கு சாங் மெய்-ஹுவெய் குழு 1997-இல் வெளியிட்ட இந்த எண்கள்தான்.

இந்தியா 2002-இல் சோதனை ஓட்டம் விட்டது. 2007–08-இல் தமிழ்நாடு உள்ளிட்ட பத்து மாநிலங்கள்; 2011-இல் நாடு முழுக்க. அந்த டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியில் இதுவும் சேர்ந்தது. புதுச்சேரி அடுத்த சுற்றில் வந்தது. ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் போடும் ஊசிகள் தெருவழித் தொற்றைத் தடுக்கும். பிரசவ அறையில் நடப்பதைத் தடுக்க, பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் முதல் ஊசி வேண்டும். தாய் கேரியர் என்றால் கூடவே தயார்நிலை எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலினும். வைரஸ் அளவு மிக அதிகமான தாய்க்குக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் டெனோஃபோவிர் மாத்திரை கொடுத்தால், ஊசியையும் தாண்டித் தொற்றுகிற சில குழந்தைகளும் தப்பிக்கும்.

இந்த ஆண்டுகளைக் கூட்டிக் கழித்தால் ஒன்று புலப்படும். தடுப்பூசி பரவலாக வருமுன் பிறந்தவர்கள் இன்று கல்லூரிப் பருவத்தினரும் அதற்கு மூத்தவர்களும். 1975-க்கும் 2005-க்கும் இடையில் சத்தமில்லாமல் தொற்றிய குழந்தைகள் இப்போது இருபதுகளிலிருந்து ஐம்பது வயது வரை நிற்கிறார்கள். சிரோசிஸும் புற்றுநோயும் வருகிற வயது இனிமேல்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கை, 2022-இல் இந்தியாவில் ஹெபடைடிஸ் பி உடையவர்கள் 2.98 கோடி என்று மதிப்பிட்டது. தனக்கு இருக்கிறது என்று பரிசோதனையில் அறிந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை.

அறிந்தால் செய்ய நிறைய இருக்கிறது. 1998-இல் வந்த லாமிவுடினுக்கு வைரஸ் சில ஆண்டுகளில் பழகிக்கொண்டது. அடுத்து வந்த என்டெகாவிருக்கும் டெனோஃபோவிருக்கும் அப்படிப் பழகுவது அரிது. தினம் ஒரு மாத்திரை. 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மருந்தும் பரிசோதனையும் இலவசம். பட்ரிக் மார்செல்லின் குழு 2013-இல் சொன்ன முடிவு பல கல்லீரல் மருத்துவர்களையே வியக்க வைத்தது: சிகிச்சைக்கு முன் சிரோசிஸ் இருந்து, ஐந்தாண்டு டெனோஃபோவிர் எடுத்தபின் மறுபடி திசு எடுத்துப் பார்த்த 96 பேரில் 71 பேருக்குச் சிரோசிஸ் இல்லை. திரும்பாது என்று பாடப்புத்தகங்கள் எழுதிவந்த தழும்பு கரைந்திருந்தது. 2024 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சிகிச்சைக்கான வரம்பைத் தளர்த்தி, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களையும் அதற்குள் கொண்டுவந்தது.

மாத்திரை வைரஸின் பிரதியெடுப்பை நிறுத்துகிறது. உட்கருவில் சுருண்டிருக்கும் வட்ட டி.என்.ஏ.வைத் தொடுவதில்லை. மேலுறை ஆன்டிஜென் இரத்தத்திலிருந்து மறைந்தவரிடமும் அந்த வட்டம் ஒளிந்திருக்கும். அதனால்தான் புற்றுநோய்க்குக் கீமோதெரபி தொடங்குமுன் மருத்துவர்கள் இந்தப் பரிசோதனையைக் கேட்கிறார்கள்; எதிர்ப்பு ஆற்றல் தளர்ந்தால் பழைய வைரஸ் எழுந்துவிடும். ஆயினும் ஆன்டிஜென் மறைவதையே இன்றைய ஆய்வாளர்கள் நடைமுறைக் குணமாகக் கொள்கிறார்கள். சென்னை ஆய்வு 1988-இல் அளந்ததும் அதையேதான். 2022-இல் பெபிரோவிர்சென் என்ற ஊசிமருந்தை இருபத்து நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தை நிறுத்தி மேலும் இருபத்து நான்கு வாரம் கழித்தும் ஆன்டிஜெனும் வைரஸும் தலைகாட்டாதவர்கள் 9 முதல் 10 சதவீதம். அதை உலகமே வெற்றி என்று கொண்டாடியது. தொடக்கத்திலேயே ஆன்டிஜென் அளவு குறைவாக இருந்தவர்களிடம் மருந்து கூடுதலாக வேலை செய்தது. ஆகவே ஆன்டிஜென் இருக்கிறதா இல்லையா என்பதோடு நிற்காமல், எவ்வளவு இருக்கிறது என்பதையும் அளக்க வேண்டிய காலம் வந்திருக்கிறது.